ஊஞ்சலுக்கு முதுகு காட்டிய வாங்கு

பிராந்திய நிருபர் வேலையில் பாதி, சொல்ல வருபவர்களுக்காகக் காத்திருப்பது. மீதி, அவர்கள் சொன்னதைக் கொழும்பில் நாலு வரியாக வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சின்னப் பூங்காதான் எனக்குக் கனகாலம் அலுவலகம். கதிரை இல்லை, காற்று உண்டு.

எப்போது துவங்கியது?

பூங்காவைத் திருத்துகிறார்கள், அதன் வரலாறு வேண்டும் என்றார் பத்திரிகை ஆசிரியர். வெள்ளைக்காரன் நட்ட மரங்கள் என்றார் காலையில் நடக்க வருகிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். இது வலை காயப்போட்ட வெளி என்றார் ஒரு மீனவர். வாசலில் பால் விடாத பிளேன்ரீ விற்கும் கிண்ணியா நூர்தீன் நானா, தன் வாப்பா ஆடு கட்டிய இடம் என்று சத்தியம் செய்தார்.

கடைசியில், அங்கே சீமெந்து குழைத்துக்கொண்டிருந்த மேசன் தங்கராசாவைக் கேட்டேன். குடாவுக்கு அக்கரையில் உள்ள சம்பூர்க்காரர். சண்டையில் ஊர் பெயர்ந்தபோது, மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இந்த மரத்தடியில் இருந்துவிட்டுத்தான் முகாமுக்குப் போனவர். கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“நாங்கள் மூட்டையை இறக்கின அண்டைக்குத்தான் ஐயா இது துவங்கினது.”

ஒரு பிழை

புது வாங்குகள் எல்லாம் ஊஞ்சலைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம். பெற்றோர் உட்கார்ந்தபடியே பிள்ளைகளைக் கவனிக்க வசதி. வேலை முடிந்தபோது ஒன்று மட்டும் ஊஞ்சலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றது. தங்கராசா கட்டியது. சீமெந்து இறுகிவிட்டது, இனித் திருப்ப ஏலாது, உடைக்கத்தான் வேணும் என்று பணிவாகச் சொல்லிவிட்டார்.

சம்பூரில் மற்றவர்களுக்குக் காணி திரும்பக் கிடைத்தது. அவருடையது கடற்படை முகாம் வேலிக்குள் அகப்பட்டுக் கிடந்தது. வேலை முடிந்த பின்னேரங்களில் அந்த வாங்கில் இருந்து, மூதூருக்கு லோஞ்ச் படகு போகும் வழியைப் பார்ப்பார். அங்கிருந்து சம்பூர் தெரியாது. நடுவில் கடலுக்குள் நீண்ட ஒரு முனை மறைக்கும். மேற்பார்வை பார்க்க வந்த ஓவசியர் இதை அறிந்து தலையில் கை வைத்தார்.

“தெரியாத ஊரைப் பாக்கிறதுக்கு என்னத்துக்கையா ஒரு வாங்கு?”

முன்பதிவு

பின்னேரமானால் பூங்காவில் சோதனைக்குப் படிக்கும் பெடியள், ஆஸ்பத்திரிக்கு வந்து பஸ் தவறவிட்ட மூதூர்ச் சனம், பையைக் கண்டால் மணந்து பார்க்கும் மான்கள் என்று இடம் நிறைந்துவிடும். ஆனாலும் அந்த வாங்கில் யாரும் இருப்பதில்லை. ஒருமுறை வெளியூர்ச் சோடி ஒன்று தெரியாமல் அதில் இருந்துவிட்டது. நூர்தீன் நானா கேத்தலோடு எழுந்து போனார்.

“அது சம்பூர் பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுட இடம், மக்கள். நீங்க ஊஞ்சல் பக்கமா இரிங்க.”

நாலு வரி

ஒருநாள் தங்கராசா என்னைத் தேடி ஓடிவந்தார். காணியை விட்டுவிட்டார்களாம். நான் எழுதினேன், வழக்கம்போல நாலு வரி வந்தது. அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கைக்குழந்தையாக வந்த மகள் நிரோஜா அப்போது வளர்ந்து, திருகோணமலை டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நடை பழகியதும் சைக்கிள் பழகியதும் இந்தப் பூங்காவில்தான். ஊருக்குப் போகும் சந்தோசமா என்று கேட்டேன். தகப்பன் பக்கத்தில் இருக்க, அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

“அது அப்பான்ர ஊர் அங்கிள். என்ர ஊர் இதுதானே.”



அந்தப் பக்கம்

போன வருஷம் வேறொரு செய்திக்காகச் சம்பூர் போனேன். தங்கராசாவின் வீட்டுக்கு இன்னும் பூச்சு முடியவில்லை. மனைவி குசினியில் தேத்தண்ணி போட்டார். மகள் டவுனில் சித்தி வீட்டில் நிற்கிறாள், லீவுக்கு வருவாள் என்றார்.

முற்றத்தில் ஒரு சீமெந்து வாங்கு. பூங்காவில் உள்ளதே போல. வீட்டுக்கு முதல் இதைத்தான் கட்டினவர் என்று மனைவி நொந்துகொண்டார். அது பாதையைப் பார்க்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை. டவுன் பக்கம் திரும்பி நின்றது. இங்கிருந்து டவுன் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாதுதான் ஐயா. பிள்ளை அந்தப் பக்கம் இருக்கிறாளெல்லோ.”

ஆசிரியர் கேட்ட பூங்கா வரலாற்றை நான் இன்னும் கொடுக்கவில்லை. அது கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு முற்றத்தில் போய் முடிகிறது என்று சொல்ல நாலு வரி காணாது.