பாலம் தெரியாதவள்

என் மகன் ஓட்டியது வெளிநாட்டுக் கார். புதிதாக வாங்கியதல்ல. அவன் ரொம்ப வருஷம் ஒரு மிளகு வியாபாரியிடம் டிரைவராக இருந்தான். முதலாளி வேறு கார் எடுத்தபோது பழையதைக் குறைந்த விலைக்கு இவனிடம் தள்ளிவிட்டார். மட்டாஞ்சேரிக்கு வருகிற டூரிஸ்ட்டுகளை ஏற்றி அதில் பிழைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. ஊரின் படம் அதில் வரும். நம் வண்டி ஒரு அம்புக்குறியாக நகரும். ஒரு பெண்ணின் குரல் இங்கிலீஷில் வழி சொல்லும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற மலையாளத்தைக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் குரலை எனக்குப் பிடிக்கவில்லை. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மூச்சு வாங்காமல் பேசுகிறவளை எப்படி நம்புவது?

படம் பழசாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்று மகன் எர்ணாகுளத்து ஷோரூமுக்குப் போய்விட்டு முகம் வெளுத்து வந்தான். புதுப் படம் இருக்கிற டிஸ்க்குக்கு அவர்கள் சொன்ன விலையில் என் மகளுக்குக் கழுத்துக்கு ஒன்று எடுத்துவிடலாம்.

"ஒரு டிஸ்க்குக்காடா இத்தனை?"

"டிஸ்க்குக்கு இல்லம்மா. அதுக்குள்ள இருக்கிற ரோட்டுக்கு."

"ரோடு சர்க்கார் போட்டது. இவனுங்களுக்கு எதுக்குக் காசு?"

"அடுத்த வருஷம் புது ரோடு வந்தா மறுபடியும் குடுக்கணும்."

"நல்ல கச்சோடம்டா மோனே, நல்ல யாவாரம்."

என்னிடம் சிட்டி எடுத்த பணம், அதாவது சீட்டுப் பணம், இருந்தது. இஞ்சி கோடவுனில் வருஷக்கணக்காகத் தூசி தின்று கட்டிய சிட்டி. மகள் கல்யாணத்துக்கென்று வைத்தது. அதிலிருந்து தரச் சொல்லிக் கேட்டான். தரமாட்டேன் என்றேன்.

மகளுக்கு அப்போது ஒரு வரன் கூடி வந்திருந்தது. கும்பளங்கியில் நம் ஆட்கள்தான், இறால் வளர்க்கிற கெட்டு நடத்துகிறவர்கள். மகள் எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகு கடைக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பெண் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராகுகாலத்துக்கு முன்னால் வந்து உறுதி பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்கள். தாம்பூலத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நானும் மகளும் பின்சீட்டில் உட்கார்ந்தோம். வானம் மழைக்கோள் கட்டி, பகலே இருட்டிக் கிடந்தது. மாப்பிள்ளை வீடு இருந்த இடத்தை மகன் திரையில் குத்தி வைத்தான். வழி தெரியாமல் அல்ல, ஜம்பத்துக்கு.

பள்ளுருத்தி தாண்டும்வரை திரையிலிருந்தவள் ஒழுங்காகத்தான் வழி சொன்னாள். கும்பளங்கிப் பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும் இடது பக்கம் திரும்பச் சொன்னாள். மகன் சட்டை பண்ணாமல் பாலத்தில் ஏற்றினான். மறுபடி ஏதோ சொன்னாள். அப்புறம் நிறுத்தவில்லை, அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"என்னடா சொல்றா?"

"முடிஞ்சா வண்டியத் திருப்பச் சொல்றா. இவ படத்துல பாலமே கிடையாதும்மா. அதான் புதுசு போடணும்னு சொன்னேன்."

நான் எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க நீலம். நடுவில் எங்கள் அம்புக்குறி, ரோடு இல்லாமல், கரை இல்லாமல், தண்ணீரில் நின்றிருந்தது.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, நாம காயலுக்குள்ள இருக்கோம்."

நல்ல காரியத்துக்குப் போகும்போது பின்னாலிருந்து ஒருவர் கூப்பிட்டாலே நாங்கள் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்குவோம். இவளோ திரும்பு, திரும்பு என்று ஓயாமல் சொல்கிறாள். மெஷின் சொன்னாலும் சொல் சொல்தானே?

"திருப்புடா. தண்ணி குடிச்சிட்டுப் போலாம்."

"மெஷினுக்கு என்னம்மா சகுனம்?"

"திருப்புடான்னா."

திரும்பி வந்து பாலத்தை விட்டு இறங்கியதும், அவள் முதலில் திரும்பச் சொன்ன பக்கத்தில் ஒரு சின்னக் கடை தெரிந்தது. அங்கே போனோம். ரோடு கடையோடு முடிந்து, சிமெண்டுச் சரிவாகக் காயலுக்குள் இறங்கியது. பாலம் வருவதற்கு முன்னால் வண்டிகளை ஏற்றி அக்கரை கொண்டுபோகிற ஜங்கார் நின்ற கடவு அது. சரிவின் பாதி தண்ணீருக்குள் இருந்தது. காற்றே இல்லை. தண்ணீரில் படர்ந்த பாயல்செடி அசையாமல் கிடந்தது.

கடைக்காரப் பெண் தண்ணீர் தந்தாள். காரைப் பார்த்துவிட்டு, "உள்ள பேசுற வண்டியா, சேச்சி?" என்றாள்.

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த வண்டிங்க மட்டும்தான் இப்ப இங்க வருது. நேரா போகச் சொல்லும். எல்லாரும் இங்க நிறுத்திட்டுத் திட்டுவாங்க." சரிவைக் காட்டி, "ஒருத்தர் நிறுத்தல. மழை நேரம். வண்டிய மட்டும் இழுத்தெடுத்தாங்க" என்றாள்.

மகன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். சாவி அவன் கையில்தான் இருந்தது, நான் பார்த்தேன். அப்போதுதான் காருக்குள்ளிருந்து அந்தக் குரல் பேசியது. சின்னதாக ஒரு சொல்.

"வண்டிய அணைச்சிட்டேதானேடா?"

"ஒயர்ல கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும்மா" என்றான். ஆனால் காரின் பக்கம் போகவில்லை.

மகளைத் தேடினேன். சரிவில் நின்றிருந்தாள். பட்டுச் சேலையின் கரை நனைந்து, கணுக்கால் வரை தண்ணீர். அக்கரையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு அடி வைத்தாள். தட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி அவள் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது.

"எங்கடி போறே?"

"அவ நேராப் போகச் சொன்னாளே" என்றாள். விளையாட்டா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை.

"உனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமாடி?"

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்: "நம்ம வீட்ல என்னைத் திரும்பி வான்னு யாரும் சொல்லல. அவ ஒருத்திதான் சொன்னா."

அவளைக் கரைக்கு ஏற்றினேன். மகனின் போனை வாங்கி மாப்பிள்ளை வீட்டுக்கு நானே பேசினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பேசுகிறவள் இல்லை.

"பாலம் ஏறினப்புறம் திரும்பச் சொல்லி வாக்கு வந்துச்சு. நாங்க வரல" என்றேன்.

எடுத்தவர் மாப்பிள்ளையின் அப்பா. "யார் சொன்னது?" என்றார்.

"ஒரு பொம்பளை."

"அறிஞ்சவளா?"

"இல்ல. ஆளே இல்ல."

"அப்போ வரண்டா, வர வேண்டாம்" என்று போனை வைத்துவிட்டார். சண்டையில்லை, பேச்சில்லை.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பும்போது திரையிலிருந்தவள் வாய் திறக்கவே இல்லை. மகள் சேலைக் கரையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தோப்பும்படி வந்ததும் மகன் தொண்டையைக் கனைத்தான்.

"அப்ப அந்தச் சிட்டிப் பணம் சும்மாதான் கிடக்கும் இல்லியாம்மா? படத்தைப் புதுசாக்கிரலாம். இல்லன்னா இவ எவனையாவது தண்ணியில இறக்கிருவா."

"பணம் உன் தங்கச்சியோடது. அவகிட்ட கேளு."

அவன் கண்ணாடியில் தங்கையைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரமாட்டேன் அண்ணா" என்றாள். "அவ இப்படியே இருக்கட்டும்."