சந்தனப் பொட்டு வைத்த காகிதப் பாலம்

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்து வந்த சனிக்கிழமை அது. ஸ்ரீரங்கத்தில் என் மகள் நான்காம் வகுப்பு படித்த பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் அன்று ஒரு பாலம் கட்டப்பட்டது. அதை ஏறக்குறைய இடித்தவன் நான்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். திருவெறும்பூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் தெருவைப் பொறுத்தவரை, தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறவன் இன்ஜினியர். நான் இருப்பதோ கேன்டீன் பிரிவில். வடையில் எண்ணெய் அதிகம் என்ற புகார்தான் நான் இதுவரை தாங்கிய அதிகபட்சப் பாரம். பாலங்களைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். நீச்சலைப் பற்றியும்தான் நிறையப் படித்திருக்கிறேன். காவிரியில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

ஆகவே, மகளின் வகுப்பு மிஸ் போன் செய்து, "சார், குழந்தைங்க பேப்பர்லயே பாலம் கட்டப் போறாங்க. நீங்க இன்ஜினியர், ஒரு குரூப்புக்கு நீங்க கூட இருந்தா நல்லா இருக்கும்" என்றபோது நான் மறுத்திருக்க வேண்டும். "அதுக்கென்ன மிஸ், வந்துடறேன்" என்று என் வாய் முந்திக்கொண்டது.

மகளுக்கு இதில் மகிழ்ச்சி இல்லை. அந்தக் கோடை விடுமுறையில் சைக்கிளிலிருந்து விழுந்து அவளுக்குக் கை முறிந்திருந்தது. பள்ளி திறந்த அன்று மாவுக்கட்டோடுதான் போனாள். கட்டைப் பிரித்து மாதங்கள் ஆகியும் பெயர் மட்டும் பிரியவில்லை. வகுப்பில் அவள் பெயரே மாவுக்கட்டு. அவள் பக்கத்தில் யாருடைய பென்சில் முனையாவது ஒடிந்தால்கூட, "மாவுக்கட்டு தொட்டா மடார்!" என்று பாட்டு ஆரம்பித்துவிடும். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சுகிறவளும் அவள்தான்.

முந்தின நாள் மாலை, வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பாலம் விழுந்தா என்னாலதான்னு சொல்லுவாங்கப்பா. அப்புறம் அஞ்சாங்கிளாஸ்லயும் எனக்கு இதே பேருதான்."

"விழாதும்மா. அப்பா இருக்கேன்ல?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கையைத் தவிர மற்ற எல்லாம் இருந்தது.

போட்டி இதுதான். ஒவ்வொரு குரூப்புக்கும் இரண்டு மேசைகள். ஒன்று திருச்சி, இன்னொன்று ஸ்ரீரங்கம். நடுவே தரையில் விரித்த நீலத் துப்பட்டா காவிரி. பழைய செய்தித்தாளும், கட்டுவதற்கு நூலோ நாரோ மட்டும்தான், பசை கிடையாது. கட்டிய பாலம் அந்தக் குரூப்பின் புத்தகப் பைகளைத் தாங்க வேண்டும். நான்காம் வகுப்புப் பையை ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்த பெற்றோருக்கு இதன் பயங்கரம் புரியும்.

"பேரன்ட்ஸ் வாயால என்ன வேணாலும் சொல்லுங்க. கை மட்டும் வைக்கக் கூடாது" என்றார் மிஸ்.

எங்கள் குரூப்பில் மகளோடு இன்னும் இரண்டு பேர். ஒருத்தி, கோயில் பக்கத்துப் பூக்கடைக்காரர் வீட்டுப் பெண். ஒரு கற்றை வாழை நார் கொண்டுவந்திருந்தாள். இன்னொருவன் கண்ணாடி போட்ட பையன். 'மடார்' பாட்டை இயற்றியவனே அவன்தான்.

காகிதத்தைக் கனமாக அடுக்கி இரண்டு மேசைகளுக்கும் குறுக்கே வைத்தால் போதும் என்று நான் ஆலோசனை சொன்னேன். அப்படி வைத்த பாலத்திலிருந்து, சோதித்துப் பார்க்க ஏற்றிய தண்ணீர் பாட்டில் நேராகக் காவிரியில் குதித்தது. வளைவுப் பாலங்களின் வரலாற்றை நான் விளக்கத் தொடங்கியபோது, பையன் காகிதத்தை இறுக்கிச் சுருட்டி, பூக்கடைப் பெண்ணோடு வாள் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், இரு. இது வளையவே மாட்டேங்குது பாரு!" என்றாள் அவள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. பையன் சுருட்டினான், மகள் சேர்த்துப் பிடித்தாள், மற்றவள் மாலை கட்டும் வேகத்தில் நாரால் முடிந்தாள். காகிதக் குழல்களால் ஒரு தெப்பம் போலப் பாலம் உருவானது. பாட்டில் அதன் மேல் கம்பீரமாக நின்றது. மூவரும் கை கழுவப் போனார்கள்.

நான் தனியாக இருந்தேன். ஆபத்தே அதுதான்.

தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கும் எனக்கும் உள்ள உறவு வருஷத்துக்கு ஒரு நாள். ஆயுத பூஜையன்று பொரியும் சுண்டலும் ஏற்பாடு செய்து, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் பொறுப்பு. மிச்சச் சந்தனமும் பன்னீர் பாட்டிலும் என் பையிலேயே கிடந்தன. திறப்பு விழாப் பாலத்துக்குப் பொட்டு வைக்காமல் விடலாமா? சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு குழலுக்கும் நட்ட நடுவில், பார்வையாக, பெரிய பொட்டாக வைத்தேன். பன்னீரில் கஞ்சத்தனம் காட்டவில்லை.

முதலில் திரும்பி வந்தவன் பையன். "அங்கிள், பாலம் குனியுது!"

குனிந்துகொண்டுதான் இருந்தது. செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, நடுவில் ஊறிப்போய்த் தொங்கியது.

மகள் பாலத்தைப் பார்த்தாள். பிறகு மஞ்சளாக இருந்த என் விரலைப் பார்த்தாள். "தொட்டீங்களாப்பா?"

"பொட்டு மட்டும்தாம்மா."

"மாவுக்கட்டு தொட்டா..." என்று பையன் வழக்கம் போல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். "இல்ல, இது அங்கிள்."

அந்த நேரத்திலும் நியாயமாகப் பேசினான்.

சோதனை தொடங்கப் போவதாக மிஸ் அறிவித்தார். முழுத் தாள் ஒன்றுகூட மிச்சமில்லை; கிழிந்த அரைத் தாள்கள்தான் கிடந்தன. நான் பாலத்தை ஊதிக் காயவைக்க முயன்றேன். மகளின் கண் கலங்கிவிட்டது. ஆனால் அழவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து அந்தத் தொய்வையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வலது கை, முறிந்து சேர்ந்த இடது கையைத் தடவியது.

"டாக்டர் என் எலும்பை மாத்தலையேப்பா. சுத்திக் கட்டுதானே போட்டாரு?"

அடுத்த நொடி உத்தரவுகள் பறந்தன. "டேய், அரைப் பேப்பரை டைட்டா சுருட்டு. ஈரமா இருக்கிற இடத்துல கீழ, மேல, ரெண்டு பக்கமும் வைக்கணும். நீ நாரால இறுக்குடி, நல்லா இறுக்கு."

"மாவு இல்லையே?" என்றான் பையன்.

"வாயை மூடிட்டுச் சுருட்டுடா!"

சுருட்டினான்.

சோதனை தொடங்கியது. பக்கத்துக் குரூப்பின் பாலம் முதல் பையிலேயே காவிரியில் போய்ச் சேர்ந்தது. எங்கள் பாலத்தில் பையனின் பை ஏறியது. ஒரு முனகல், அவ்வளவுதான். பூக்கடைப் பெண்ணின் பை ஏறியது. மகள் தன் பையைத் தூக்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டல் கேட்டுத்தான் திறந்தேன்.

பாலம் நின்றது. பையனுக்கு வெறி பிடித்துவிட்டது. "உன் பையையும் குடுடா! பாட்டிலைக் குடுடீ!" என்று கூடம் முழுக்க ஓடி வசூலித்து வந்தான். எல்லாவற்றுக்கும் உச்சியில் மிஸ்ஸின் கைப்பை ஏறியது. அப்போதும் நின்றது.

"பாலம் முதல்ல வளையறது நடுவுலதான். அங்க இவ்ளோ பலமா கட்டணும்னு யாரு சொன்னது?" என்று கேட்டு மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்ஜினியர் சாரா?"

"என் பொண்ணு மிஸ். நான் கேன்டீன்" என்றேன். எங்கள் ஊரில் இந்த உண்மை வெளியானது அன்றுதான்.

"மிஸ், இது மாவுக்கட்டுப் பாலம் மிஸ்!" என்று பையன் கத்தினான். ஏதோ கட்டுப் போடும் யோசனையே அவனுடையது போல அவ்வளவு பெருமை. விழுந்த பாலங்களைத் தூக்கிக்கொண்டு மற்ற குரூப்புகள் ஓடி வந்தன. "எங்க பாலத்துக்கும் மாவுக்கட்டு போட்டுக் குடுடீ, ப்ளீஸ்!"

மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "தள்ளாதீங்க. வரிசையில வாங்க" என்றாள், சாட்சாத் எலும்பு டாக்டர் மாதிரி.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. பெயர் அதேதான். ஆனால் ஆள் பிரிக்கும்போது, "மாவுக்கட்டு எங்க பக்கம்!" என்று இரண்டு தரப்பும் சண்டை போடுகின்றன. நான் வழக்கம் போலத் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறேன், இந்த வருஷமும் எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்தேன். ஆனால் வீட்டில் மகள் எதையாவது செய்ய உட்கார்ந்தால் மட்டும் இரண்டு கைகளையும் பின்னால் வைத்துக்கொண்டு தள்ளியே நிற்கிறேன். என்னால் முடிந்த உருப்படியான இன்ஜினியரிங் அது ஒன்றுதான் என்பதை அந்தக் காகிதப் பாலம் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.