மாமா மெசின் கழுவிய இடம்

எனக்கு அப்போது ஒன்பது வயது. வட்டக்கச்சியில் எங்கள் காணிக்கு முன்னால் வாய்க்கால் ஓடியது. குளிப்பது, சட்டி கழுவுவது, வெயிலுக்குக் கையால் அள்ளிக் குடிப்பது எல்லாம் அதில்தான். அப்படிக் குளிர்ந்த தண்ணீரை நான் பிறகு எங்கும் குடிக்கவில்லை.

அந்தப் போகம் நெல்லில் தத்திப் பூச்சி விழுந்தது. கடையில் புது மருந்து கொடுத்தார்கள். மாமா மேற்சட்டை இல்லாமல், மூக்குக்குத் துணி கட்டாமல், காற்றுக்கு எதிரே நின்று அடித்தார். அதை வீரம் என்று நினைத்தோம். முழு மடைத்தனம். முடிந்ததும் மருந்தடிக்கும் மெசினை வாய்க்காலில் அமுக்கி, மிச்சத்தையும் அதிலேயே ஊற்றிக் கழுவினார். பால் போல ஓடியது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன.

எங்களுக்குத் திருவிழாதான். நான் சட்டையை ஏந்திப் பொறுக்கினேன். ஐந்து வயதுத் தம்பி பொறுக்குவதும் தாகத்துக்கு அள்ளிக் குடிப்பதுமாக நின்றான்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து வாய்க்காலின் கடைசியில் குடியிருந்த அம்மா ஒருவர் அந்த வழியால் வந்தார்.

"அத திங்காதீங்க புள்ள. தோட்டத்துல மருந்தடிச்சவங்க சுருண்டு விழுந்தத நான் பாத்திருக்கேன்."

மாமா விடவில்லை. "கொழுந்து கிள்ளினவையோ எங்களுக்கு வயல் படிப்பிக்கிறது? மீன் வேணுமெண்டால் நேரை கேளுங்கோவன்!"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் பலமாகச் சிரித்தேன். அவர் வாய்க்கால் வரம்பால் கீழே நடந்தார்.

குழம்பு கொதிக்க முன்னமே தம்பிக்கு வாயால் வீணீர் வடிந்தது. சத்தி எடுத்தான். கண்மணி கடுகு போலச் சுருங்கிவிட்டது. எங்கள் அம்மா சட்டியை மண்ணில் கவிழ்த்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு மாமாவின் சைக்கிளில் ஏறிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்கோ மீன் போன கவலை.

மூன்றாம் நாள் தம்பி உயிரோடு வந்தான். அவனை இறக்கமுதலே அம்மா மாமாவிடம் கத்தினார்.

"இனி இதிலை மெசின் கழுவினியெண்டால் உனக்கு இந்த வீட்டிலை சோறில்லையடா!"

"ஓம் அக்கா. இனி இஞ்சை கழுவமாட்டன்."

மாமா சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த முறை மருந்தடித்ததும் மெசினைச் சைக்கிளில் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் வரம்பால் கீழே போனார். எங்கள் காணிகள் எல்லாம் முடிந்த இடத்தில் இறங்கினார்.

"இதிலை கழுவினால் எங்கடை பக்கம் வராது."

மாமாவுக்கு எவ்வளவு மூளை என்று நினைத்தேன். மெசினை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். தண்ணீர் வெள்ளையாகிக் கீழே போனது. அங்கே அந்த அம்மா குடத்தோடு வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தார். இனித் தம்பிக்கு ஒன்றும் வராது என்ற சந்தோசத்தில் நான் அவருக்குக் கை காட்டினேன்.