சீட் கவர் கடையின் முப்பத்தொன்பது சதவீதம்

என் தாய்மாமா இரும்புலியூரில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருடம் அவர் மாரடைப்பில் இறந்தபோது வாரிசு என்று இருந்தது அம்மா மட்டும்தான். காரியம் முடிந்த மறுநாளிலிருந்து கடன் கொடுத்தவர்கள் வந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. காபி குடித்தார்கள், தொகையைச் சொன்னார்கள், போனார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. எங்கள் ஸ்டோரில் முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போகவேண்டும். அதே பழக்கத்தில் கடன்களையும் வந்த வரிசையில் எழுதி, முதலில் வந்த ரெக்சின் கடைக்காரருக்கு மாமா பணத்திலிருந்து அவருடைய நாற்பதாயிரத்தையும் முழுதாகக் கொடுத்தேன். டிக் போட்டபோது நிம்மதியாக இருந்தது.

அந்த வாரமே, மாமாவிடம் பதினோரு வருடம் தைத்த அக்கா ஊரப்பாக்கத்திலிருந்து வந்தார். கடையின் மாற்றுச்சாவியைத் திருப்பித் தரத்தான் வந்தார். கடைசியாகச் சம்பளம் எப்போது வாங்கினீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மூன்று மாதமாக வாங்கவில்லை.

"சாவு வூட்ல எப்டிம்மா கேக்கறது?" என்றார்.

அதன்பிறகுதான், முதலிலேயே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். வங்கியில் இருந்தது, மெஷின்களை விற்றது, கடை அட்வான்ஸ், எல்லாம் சேர்ந்தும் கடனில் பாதிகூட இல்லை. தாம்பரத்தில் ஒரு வக்கீலைக் கேட்டேன். மாமா விட்டுப்போனதற்கு மேல் நாங்கள் கைக்காசு போடவேண்டியதில்லை, வேலை செய்தவரின் கூலியை முதலில் கொடுங்கள், மிச்சத்தை எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பிரியுங்கள் என்றார். அப்படிப் பிரித்தால் ஆளுக்கு முப்பத்தெட்டு சதவீதம் வந்தது. ஆனால் பிரிக்கக் கையில் அவ்வளவு பணம் இல்லை. ரெக்சின் கடைக்காரரிடம் கூடுதலாகப் போய்விட்டது. அம்மா வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் அவற்றை அவர் கையிலேயே மாட்டிவிட்டு, பட்டியலோடு தாம்பரம் மார்க்கெட்டிலிருந்த ரெக்சின் கடைக்குப் போனேன்.

பேசவேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்திருந்தேன். "அண்ணா, நான் தப்பா குடுத்துட்டேன்" என்பதற்கு மேல் வரவில்லை. காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"முப்பத்தெட்டா? என் பையன் மேக்ஸ் மார்க் மாதிரி கீது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் அதைப் பார்க்காததுபோல் கல்லாவைத் திறந்தார்.

"குட்த்த துட்ட திருப்பிக் கேக்க வந்த மொத ஆளு நீதாம்மா. அந்தம்மா தச்சதெல்லாம் என் ரெக்சின்தான். இந்தா, மொதல்ல அந்தம்மா சம்பளத்தக் குடு."

இருபத்துநாலாயிரத்து எண்ணூறு. எண்ணிக் கொடுத்துவிட்டு, பழைய பில்லைக் கிழித்து, முப்பத்தெட்டு சதவீதத்துக்குப் புதிதாக ஒன்று எழுதி, 'கணக்கு தீர்ந்தது' என்று கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் ஊரப்பாக்கம் போய் அக்காவிடம் சம்பளத்தை வைத்தேன். அவர் எண்ணி, இரண்டாயிரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"தீபாவளிக்கு அட்வான்ஸ் வாங்கினேன் கண்ணு. உன் மாமா எழுதியிருக்க மாட்டாரு."

எழுதவில்லைதான். ரயிலில் திரும்பும்போது மறுபடி வகுத்துப் பார்த்தேன். அக்கா சம்பளம் போக, ரெக்சின் கடைக்காரரையும் சேர்த்து மற்றவர்களின் கடன் மொத்தம் இரண்டு லட்சம் என்பதால் அந்த இரண்டாயிரம் சரியாக ஒரு சதவீதம். முப்பத்தெட்டை அடித்து முப்பத்தொன்பது என்று எழுதினேன். ரெக்சின் கடைக்காரருக்கு நானூறு ரூபாய் சேரவேண்டும். தாம்பரத்தில் இறங்கி முதலில் அவர் கடைக்குத்தான் போனேன்.