மூன்று பானைக் கடல்

ஆசிரியைக்குப் பாடம் நடத்தவே சம்பளம் தருகிறார்கள் என்பது வெளியார் நினைப்பு. பாடம் நடத்த அனுமதி கேட்டு நிற்பதிலேயே பாதி ஆயுள் போய்விடும் என்பது, சுண்ணக்கட்டி பிடித்துக் கைவிரல் வெடித்த சகோதரிகளே, உங்களுக்குத் தெரியும்.

உப்புக் காய்ச்சியவர்களைச் சர்க்கார் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆண்டு அது. தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பணியாற்றினேன். எட்டாம் வகுப்புக்கு ஒரு பாடவேளை ஒழிவாக இருந்தது. அறிவியலுக்கென்று நான் கேட்டேன். தையலுக்கென்று தையலாசிரியை கேட்டார். பள்ளியின் தாளாளர் கீழப்பாவூர்ப் பக்கம் வயல் வரப்பு உள்ளவர். அவர் தீர்ப்பளித்தார்: “ஆடி மாசம் இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வருதாவ. அவிய எதை மெச்சுதாவளோ அதுக்கு அந்த மணி.”

எங்கள் மாணவிகளுள் ஒருத்தியும் கடலைக் கண்டவளில்லை. ஆகவே கடலையே பள்ளிக்குக் கொண்டுவருவதென்று முடிவு செய்தேன்.

ஊறுகாய் ஜாடி

தூத்துக்குடியில் இருந்த என் தங்கையின் கணவர், ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடிகளில் கடல்நீரை நிரப்பி, வாய்க்குத் துணி கட்டி, ரயிலில் அனுப்பினார். கடைசி ஜாடியில் இரண்டு கடற்குதிரைகள் வந்தன. தென்காசி நிலையத்துப் பார்சல் குமாஸ்தா முதல் ஜாடியைப் பிரித்துக் காட்டினால்தான் விடுவேன் என்று நின்றார். பிரித்தேன். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். அது எதற்கென்று நான் விளக்கத் தொடங்கினேன். அவருக்கு அது தேவைப்படவில்லை.

“காயெல்லாம் அவிய தின்னுட்டு உப்புத் தண்ணிய மட்டும் அனுப்பியிருக்காவளே டீச்சரம்மா, இது என்ன சொந்தம்?”

நெல் விளையாத ஏற்றம்

கடல்நீரைத் தொட்டியில் தேக்கிவைத்தால் நாறும். ஓடிக்கொண்டே இருந்தால்தான் உயிர் தாங்கும். அதற்கான ஏற்பாட்டை நானே வரைந்து, நானே கட்டினேன். உயரமான மரச்சட்டத்தின் உச்சியில் ஒரு மண்பானை. அதன் அடித்துளை வழியே நூலிழைபோல் இறங்கும் நீர், காற்றையும் இழுத்துக்கொண்டு கண்ணாடித் தொட்டியில் விழும். தொட்டியில் மிகும் நீர் வளைந்த ரப்பர் குழாயால் இரண்டாம் பானைக்கு இறங்கும். அங்கே கழுவிய மணலும் கரியும். வடிந்து தெளிந்தது மூன்றாம் பானையில் சேரும். அதை மீண்டும் உச்சிக்கு ஏற்ற, மூங்கில் கழியும் சிரட்டையும் கொண்டு சிறியதோர் ஏற்றம். உலோகம் எதுவும் அந்நீரில் படலாகாது. செம்பும் பித்தளையும் கடலுயிர்களுக்கு நஞ்சு. இதை மாணவிகளுக்கும் சொன்னேன், உடனாசிரியைகளுக்கும் சொன்னேன்.

மாணவிகள் முறைவைத்து இறைத்தார்கள். அச்சன்புதூரிலிருந்து வந்த செல்லம்மாள், உழவர் வீட்டுப் பெண், முதல் நாளே சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “டீச்சர், எங்க வயல்ல எறைச்சா நெல்லு வருது. இங்கன எறைச்சா எறைச்ச தண்ணியே திரும்பி வருதே, இதுக்கு என்ன பேரு?”

கரை கடந்தது

ரப்பர் குழாயில் காற்றுப் புகுந்தால் ஓட்டம் அறுந்துவிடும். ஒரு நாள் அறுந்தது. மேற்பானையோ ஒழுகிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிந்து, அதே அறையில் இருந்த தையல் அலமாரிக்குள் நீர் புகுந்து, இன்ஸ்பெக்டிரஸுக்கென்று பூவேலை செய்து வைத்திருந்த மேசைத் துணியை நனைத்தது. குழாயின் வெளிமுனையை, தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஒப்ப விளிம்பு நிற்கும் ஒரு பீங்கான் கிண்ணத்தில் மூழ்கவைத்தேன். கிண்ணத்தில் மிகுந்தது மட்டும் இரண்டாம் பானைக்கு வழிந்தது. அதன்பின் காற்றுப் புகவில்லை. துணியையும் நானே துவைத்துக் காயவைத்தேன். தையலாசிரியை அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“சமுத்திரம் கரை தாண்டாதும்பாவ. உங்க சமுத்திரத்துக்கு அந்த மரியாதையும் தெரியல டீச்சர்.”

பானை பூத்தது

மண்பானை கடல்நீரைக் கசியவிடும். கசிந்தது காய்ந்தால் பானையின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும். தாளாளர் வந்து பூத்ததைச் சுரண்டி நாக்கில் வைத்தார். அவர் முகம் வெளுத்தது. நாள்தோறும் காலையில் ஈரத் துணியால் துடைத்துவிடுவேன் என்று வாக்களித்த பிறகே தொட்டியை விட்டுவைத்தார்.

“ஊரெல்லாம் உப்புக் காய்ச்சி உள்ள போயிக்கிட்டிருக்கான். நான் பள்ளிக்கூடம் நடத்தி உள்ள போகணுமா?”

ஆடி அமாவாசை

ஆடி அமாவாசைக்குக் கடலாடுவது புண்ணியம். பள்ளிக்கு விடுமுறை. திருச்செந்தூருக்குப் போக இயலாத பெண்களிடம், கடல் நம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது என்று தையலாசிரியை சொல்லிவிட்டார். அறைச் சாவியும் அவரிடம் இருந்தது. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன் என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் சென்றேன். தரையெல்லாம் ஈரம். தொட்டியில் துளசியும் அரளியும் மிதந்தன. செம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொண்டு, தீர்த்தத்தில் காசு போடும் வழக்கப்படி செப்புக் காசுகளையும் போட்டிருந்தார்கள். காசுகளுக்கிடையில் இரண்டு கடற்குதிரைகளும் சுருண்ட வால் நிமிர்ந்து கிடந்தன. மேற்பானையின் நீர் மட்டும் ஒன்றும் நடவாததுபோல் இறங்கிக்கொண்டிருந்தது. பேசினால் என் தமிழ் தவறியிருக்கும். தையலாசிரியைதான் என்னைத் தேற்றினார்:

“ஏன் இப்படிப் பாக்கிய டீச்சர்? எடுத்த தீர்த்தத்துக்குக் குறை வைக்காம ஐந்தருவித் தண்ணி ஊத்தி நானே நெறைச்சிட்டேம்லா!”

மெச்சியது

சிற்றாற்றில் நாலு அயிரை பிடித்து விட்டால் அந்த அம்மாளுக்கு வேற்றுமை தெரியவா போகிறது என்றார் தாளாளர். பொய் மீன் காட்டி வாங்கிய பாடவேளையில் எந்த அறிவியலைக் கற்பிப்பது? மறுத்துவிட்டேன். பூவையும் காசையும் அகற்றி, தொட்டியை உள்ளபடியே வைத்தேன்.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் வந்தார். மூன்று பானைகளைக் கண்டார். மணலைக் கண்டார், கரியைக் கண்டார். தெளிந்த நீர் சொட்டுவதைக் கண்டார். அவர் முகம் மலர்ந்தது. “அம்மா, இது கடல்...” என்று தொடங்கினேன். கையமர்த்தினார். தாளாளர் பக்கம் திரும்பிச் சொன்னார்:

“குடிதண்ணீருக்கு இவ்வளவு சுத்தமான வடிகட்டியை எந்தப் பள்ளியிலும் நான் பார்த்ததில்லை. இதை வீட்டில் செய்யத் தெரிந்தால் போதும், பெண்களுக்கு இதற்கு மேல் சயன்ஸ் எதற்கு? எங்கே, தையலைக் காட்டுங்கள்!”

தையலுக்குப் போன அந்தப் பாடவேளை நான் ஓய்வு பெறும் வரை திரும்பவில்லை. கீழே இறங்கிய கடலை மேலே ஏற்றத் தெரிந்த எனக்கு அதை மட்டும் ஏற்றத் தெரியவில்லை.