பின்வளவுப் புல்லும் என் மண்வெட்டியும்

மயூரி, கவின்... பள்ளிக்கூடத்தில் யாராவது, "உங்கள் அப்பா புல்லை என்ன செய்தார்?" என்று கேட்டால் ஓடி ஒளிய வேண்டாம். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிற மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

மயூரிக்கு ஜூனில் ஒன்பது வயது. வழமைபோல வாடகைக்கு ஹோல் எடுத்து, அவளுக்குப் பெயர் தெரியாத இருநூறு மாமாமாருக்குக் கொத்துரொட்டி கொடுக்கும் பிறந்தநாள் இந்த முறை வேண்டாமாம். வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர், பின்வளவுப் புல்லில் ஒரு விரிப்பு, சான்ட்விச் — அவ்வளவுதான் கேட்டாள். "ஓம்" என்றேன். உடனே அழைப்புக் கார்ட் ஒன்றைத் தன் கையாலேயே எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.

பிறகுதான் நான் புல்லைப் பார்த்தேன். நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டின் பெப்ரவரிப் பனியில் கிடந்து, மிதித்தால் பழைய மெத்தை மாதிரி அமுங்கியது.

பக்கத்து வீட்டு டெரிக், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் செத்த புல்லும் வேரும் பாய் போலப் படிந்திருக்கிறதாம். அதற்குப் பெயர் தாட்ச். அது கிடந்தால் தண்ணீர் கீழே இறங்காது; பாசி பிடிக்கும். நீளக் கம்பிப் பல் வைத்த வாரி ஒன்றைத் தந்தார்.

"மெதுவாக... பிள்ளைக்குத் தலை வாருகிற மாதிரி," என்றார்.

வாரினேன். ஒரு மூலையிலேயே இரண்டு சாக்கு நிறையச் சருகு வந்தது. இவ்வளவு குப்பைக்கு மேலா நடந்து திரிந்தோம்?

அங்கேதான் பிழை நடந்தது. யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் புல் முளைத்தால் அந்த வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். கலியாணமோ செத்தவீடோ, ஆட்கள் வருகிறார்கள் என்றால் முதல் வேலை மண்வெட்டியால் புல்லை வேரோடு செருக்குவதுதான். இங்கேயும் ஆட்கள் வரப்போகிறார்களே... ஷெட்டில் கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். செத்ததை மட்டும் செருக்குவதாகத்தான் எண்ணம். ஆனால் ஒரு பக்கம் துப்புரவானால் மற்றப் பக்கம் ஊத்தையாகத் தெரிகிறதே?

அரை மணித்தியாலத்தில் நிமிர்ந்து பார்த்தேன். விளக்குமாறு போட்டுக் கூட்டக்கூடிய அருமையான மண்முற்றம்.

"இஞ்சேருங்கோ," மனைவி குசினிக் கதவில் நின்றார். "பந்தல்காரருக்கும் சொல்லியாச்சோ?"

"அப்பா, இஸ் இற் மென்ற் டு பி பிறவுண்?" இது கவின். மண்ணிறமாகத்தான் இருக்கவேணுமோ என்று கேட்கிறான்.

டெரிக் திரும்பவும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "தலை வாரத்தான் சொன்னேன். மொட்டை அடிக்கச் சொல்லவில்லை."

மயூரி உள்ளே போய், கார்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்தாள். "பரவாயில்லை அப்பா. ஹோலே எடுப்பம்."

அந்தப் 'பரவாயில்லை'க்குப் பதில் அவள் அழுதிருக்கலாம்.

டெரிக் சொன்னபடி மண்ணைக் கிளறி, விதை தூவி, மேலே மெல்லிசாக மண் போர்த்தினேன். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர். யாரும் மிதிக்கக்கூடாது என்று சுற்றிக் கயிறு கட்டினேன். புறாக்களுக்குக் கயிறு விளங்கவில்லை. அவற்றை விரட்டப் பழைய சீடிகளைத் தொங்கவிட்டேன் — வளவு ஏதோ கடை திறப்பு விழா மாதிரி மினுங்கியது.

பிள்ளைகளே, அப்பா பெரிய படிப்புப் படித்தவரில்லை. ஆனாலும் இதை எழுதி வைக்கிறேன். துப்புரவாக்க எல்லோருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்று சொல்லத்தான் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டும். அவர் சொல்லும்போது கேட்கவும் வேண்டும்.

விதை தூவிய பதினைந்தாம் நாள் காலை, ஷிப்டுக்குப் புறப்படுமுன், சாரத்தோடு பின்வளவில் போய்க் குந்தினேன். மொட்டைத் தலையில் முடி அரும்புகிற மாதிரி, மண்ணெல்லாம் மெல்லிய பச்சை. நீங்கள் எல்லோரும் நித்திரை. காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். லாச்சியைச் சத்தமில்லாமல் இழுத்து, அந்தக் கார்டை எடுத்துத் திரும்பவும் பிரிட்ஜில் ஒட்டினேன்.