நான் பூசிய மஞ்சளும் அவர் ஆட்டிய தலையும்

தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஆண்களுக்கு என்ன குறைந்துவிடும்?

விருத்தாசலத்தில் பீங்கான் ஆலையில் வேலை பார்க்கும் என் கணவரைச் சென்ற வருடம் பயிற்சிக்காக ஹங்கேரிக்கு அனுப்பினார்கள். கடைசி மாதம் நானும் போயிருந்தேன். "இவங்க பாஷை எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, புடாபெஸ்டில் நானூறு வருடப் பழமையான வெந்நீர் ஊற்றுக் குளியல் மண்டபத்துக்குப் போனோம். வெள்ளிக்கிழமையாயிற்றே என்று காலையில் முகம், கை, கால் எல்லாம் மஞ்சள் பூசிக் குளித்திருந்தேன். பெண்கள் பகுதியில் இருந்த பணிப்பெண் என் கையையும் பாதத்தையும் பார்த்தாள். தண்ணீரில் இறங்கவிடாமல் அங்கிருந்த டாக்டரிடம் அழைத்துப் போனாள். வெளியே காத்திருந்த என் கணவரையும் கூப்பிட்டார்கள்.

டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்துக்கொண்டே அவரிடம் ஏதேதோ கேட்டார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"என்னாங்க கேக்கறாரு?"

"சும்மா இரு. எந்த ஊருன்னு கேக்கறாரு."

ஊரைக் கேட்பவர் எதற்காக என்னைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்? காமாலை என்று நினைத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டார்.

குளிக்கும்போது பூசலாம் என்று கொண்டுபோயிருந்த மஞ்சள் பொடியைத் தண்ணீரில் குழைத்து, அவர் புறங்கையில் தேய்த்தேன். கழுவினார், போகவில்லை. சிரித்துக்கொண்டே போனை வைத்தார். என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

மஞ்சளை நான் விடவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், நம் ஊர் டாக்டரிடமும் "இவளுக்கு ரெண்டு நாளா தலைவலி" என்று அவர்தான் சொல்வார். நான் நாக்கை நீட்டுவதோடு சரி. இப்போதெல்லாம் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.